சுவரா, கேன்வாஸா?

சுவரில் வரைந்து பழகிய நெல்லைக் கைகள் ஸ்டுடியோவுக்கு மாறலாமா?

செலவு: சுவரில் ஒரு லிட்டர் எக்ஸ்டீரியர் எமல்ஷன் (வெளிச்சுவர் பெயிண்ட்) இரண்டு கோட்டுக்குச் சுமார் 50 சதுர அடி வரும்; சாரக் கூலி தனி. கேன்வாஸில் சாரம் இல்லை, அக்ரிலிக் ட்யூப்தான் பையைக் காலி பண்ணும்.

ஆயுள்: சுவருக்கு வெயிலைவிட ஈரம்தான் எதிரி. புதுப்பூச்சு 28 நாளாவது ஆறாமல் பிரைமர் அடித்தால், ஐப்பசி மழைக்குப் பின் உப்புப் பூத்து வண்ணம் செதில் செதிலாக உரியும். தேய்த்தால் விரலில் வெள்ளைப் பொடி ஒட்டுகிறதா? அந்தச் சுவரில் கை வைக்காதீர்கள். கேன்வாஸுக்கு ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு முன் அடிக்கும் வெள்ளை அடிப்பூச்சு) இரண்டு கோட், நடுவில் உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் துணி தளரும், பின்புறம் பூஞ்சை பிடிக்கும். சுவரோடு ஒட்டி மாட்டக்கூடாது.

கை: சுவரில் கோடு தோளிலிருந்து வரும், கேன்வாஸில் மணிக்கட்டிலிருந்து. மாறுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். அதைச் சமாளிக்க நெல்லை மாவட்டத்துத் திருப்புடைமருதூர் கோயில் கோபுரத்துக்குள் இருக்கும் நாயக்கர் கால ஓவியங்களைப் பாருங்கள். கிட்டே நின்று பார்க்க வரைந்தவை. சுவரோவியங்கள் நிறைந்த குற்றாலம் சித்திர சபை அதற்கு அடுத்துத்தான், என்னைக் கேட்டால்.

ஊரே பார்க்கணும் என்றால் சுவர். தை கழிந்து தொடங்குங்கள். திருத்தித் திருத்தி வரைந்து விற்கணும் என்றால் கேன்வாஸ், முதலில் 2க்கு 3 அடி.