எஃப்.யூ.இ.யா, எஃப்.யூ.டி.யா: வலி எங்கே, எத்தனை நாள்?

முடி மாற்று அறுவையில் நிஜமாகவே வலிப்பது மரத்துப்போகும் ஊசி போடும் அந்தச் சில நிமிடங்கள்தான். எஃப்.யூ.இ., எஃப்.யூ.டி. என்ற இரண்டு முறைகளில் எதில் செய்தாலும் அந்த ஊசியிலிருந்து தப்ப முடியாது. ஆனால் விசாரிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "எஃப்.யூ.இ.யில் வலி இல்லையாமே?" என்றுதான். வலி இருக்கிறது. எஃப்.யூ.டி.யில் வருவது வேறு இடத்தில், வேறு நாளில் வருகிறது, அவ்வளவுதான்.

தெரியாதவர்களுக்காக ஒரு வரி. எஃப்.யூ.டி.யில் பின்மண்டையிலிருந்து ஒரு தோல் பட்டையை வெட்டியெடுத்து, அந்த இடத்தைத் தைத்துவிட்டு, பட்டையை மைக்ரோஸ்கோப்பின் கீழ் கிராஃப்ட்களாக, அதாவது வேரோடு சில முடிகள் மட்டும் உள்ள சிறு துண்டுகளாகப் பிரிப்பார்கள். எஃப்.யூ.இ.யில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலமுள்ள பஞ்ச் கருவியால் கிராஃப்ட்களை ஒவ்வொன்றாகத் தோண்டி எடுப்பார்கள். முன்பக்கம் நடுகிற வேலை இரண்டிலும் ஒன்றே.

முதலில் ஊசி. பின்மண்டைக்கு ஒரு வரிசை, அப்புறம் நடும்போது நெற்றிக்கு மேல் இன்னொரு வரிசை. மருந்து பெரும்பாலும் அட்ரினலின் கலந்த லிக்னோகெய்ன். ஊசி குத்துவதைவிட மருந்து உள்ளே இறங்கும்போது வரும் எரிச்சல்தான் பலருக்குக் கண்ணில் நீர் வரவைக்கும். அந்த மருந்துக்கு அமிலத்தன்மை உண்டு. மண்டைத் தோலும் இறுக்கமானது, மருந்து பரவ இடம் கொடுக்காது. சோடியம் பைகார்பனேட் கொஞ்சம் கலந்து, மருந்தை உடல் சூட்டுக்குக் கொண்டுவந்து, மெல்லிய ஊசியால் நிதானமாகச் செலுத்தினால் எரிச்சல் வெகுவாகக் குறையும். பக்கத்துத் தோலில் ஒரு அதிர்வுக் கருவியை வைத்து கவனத்தைத் திருப்புகிறவர்களும் உண்டு. இந்த நிமிடங்களைப் பொறுத்தவரை, நீங்கள் தேர்ந்தெடுக்கும் முறையைவிட ஊசி போடுபவரின் கைப்பக்குவமும் பொறுமையும்தான் முக்கியம்.

'ஊசியில்லா மயக்கம்' என்று சில இடங்களில் தனியாக விற்கிறார்கள். மருந்தை அழுத்தத்தில் பீய்ச்சித் தோலுக்குள் செலுத்தும் கருவி அது. 'டப்' என்று ஒரு தட்டல், அவ்வளவுதான். ஊசி என்றாலே உடம்பு நடுங்குகிறவர்களுக்கு நல்ல துணை. ஆனால் அது மேல்தோலை மரக்கவைக்கும் முதல் கட்டத்துக்கு மட்டும்தான். அதற்குப் பிறகு, மரத்த தோலில் வழக்கமான ஊசி போட்டே ஆக வேண்டும். பெயரில் இருப்பது பாதி உண்மை.

இன்னொரு வழி, லேசான தூக்க மருந்து. மாத்திரையாகவோ, மிடசோலம் போன்றதை ரத்த நாளம் வழியாகவோ தருவார்கள். பதற்றம் அடங்கும், ஊசி போட்டதே பலருக்கு நினைவில் இருக்காது. ஆனால் ரத்த நாளம் வழியாகத் தந்தால் மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் கண்காணிக்க ஆள் வேண்டும். அன்று வண்டி ஓட்டக் கூடாது, வீட்டுக்கு அழைத்துப் போக ஒருவர் வர வேண்டும். பயம் அதிகம் உள்ளவர்களுக்கு இது சரி. மற்றவர்களுக்குத் தேவையில்லாத சுமை என்பது என் கருத்து. முழு மயக்கம் இந்த அறுவைக்குப் பொதுவாக வேண்டியதில்லை.

ஊசிக்குப் பிறகு மேஜையில் படுத்திருக்கும் நேரம். இங்கேதான் யாரும் எதிர்பார்க்காத விதமாக எஃப்.யூ.டி. முந்துகிறது. பட்டையை எடுத்துத் தைப்பது சீக்கிரம் முடிந்துவிடும். உதவியாளர்கள் கிராஃப்ட் பிரிக்கும்போது நீங்கள் எழுந்து உட்காரலாம், ஏதாவது சாப்பிடலாம். எஃப்.யூ.இ.யில் தோண்டி முடிக்கும்வரை மணிக்கணக்கில் குப்புறப் படுத்திருக்க வேண்டும். மண்டையில் வலி தெரியாது, ஆனால் கழுத்தும் தோள்பட்டையும் இடுப்பும் கடுகடுக்கும். முகம் பதித்திருக்கும் மெத்தையின் விளிம்பு கன்னத்தில் அச்சுப் பதித்துவிடும். கிராஃப்ட் எண்ணிக்கை அதிகம் என்றால் வேலையை இரண்டு நாளாகப் பிரிப்பதும் உண்டு. அப்போது ஊசியும் இரண்டு முறை. மறுநாள் ஊசி, ஏற்கெனவே நொந்துகிடக்கும் தோலில்.

எந்த முறையானாலும், நடுவில் 'சுருக்' என்றால் உடனே சொல்லிவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதில் பயனில்லை. முழுதாக உணர்வு திரும்புமுன் போடும் கூடுதல் ஊசி அவ்வளவாகத் தெரியாது, திரும்பிய பிறகு போட்டால் முதலிலிருந்து தொடங்கியதாகிவிடும். வாயைச் சுற்றிக் குறுகுறுப்பு, காதில் ரீங்காரம், நாவில் உலோகச் சுவை இவை தோன்றினாலும் சொல்ல வேண்டும். மருந்தின் அளவு உடம்பில் கூடிவிட்டதற்கான அறிகுறி அது.

வீட்டுக்கு வந்த பிறகு தராசு மறுபக்கம் சாய்கிறது. எஃப்.யூ.இ.யில் பின்மண்டை முழுக்கச் சிறு சிறு புண்கள். முதல் இரவு காந்தும், தலையணை பட்டால் எரியும். பாரசிட்டமாலே பலருக்குப் போதும். சில நாளில் பொருக்கு கட்டி, தொட்டால் மட்டும் நோகிற நிலைக்கு வந்துவிடும். எஃப்.யூ.டி.யில் நீளமான ஒரே தையல். வலி என்று சொல்வதைவிட, யாரோ பிடரித் தோலை இறுக்கிக் கட்டியது போன்ற இழுப்பு. குனிந்து செருப்பு மாட்டும்போது, தும்மும்போது, பின்னால் கூப்பிட்டவரைத் திரும்பிப் பார்க்கும்போது 'விண்'ணென்று தெரியும். கரையாத தையலோ ஸ்டேப்லர் பின்னோ என்றால் அதைப் பிரிக்க ஏறத்தாழ 10 முதல் 14 நாள். பின்னைப் பிடுங்கும்போது தனியாக ஒரு சுருக்கு. கனம் தூக்குவதும் கடுமையான உடற்பயிற்சியும் கூடாது என்ற தடை அதற்குப் பிறகும் சில வாரங்கள் நீளும், இல்லாவிட்டால் தழும்பு அகலமாகும். தையலுக்கு மேல்பகுதியில் உணர்ச்சியற்ற மரப்பு சில மாதங்கள்வரை நீடிக்கலாம்; நரம்பு மீளும்போது ஊசி குத்துவது போலத் துடிக்கும். எஃப்.யூ.இ.யிலும் மரப்பு உண்டு, பொதுவாகத் திட்டுத் திட்டாக, குறைவாக.

முன்பக்கத் தொல்லை இரண்டிலும் ஒன்றே. மூன்றாம், நான்காம் நாளில் வீக்கம் நெற்றியிலிருந்து இறங்கிக் கண்ணிமைக்கு வரும். பார்க்கப் பயமாக இருக்கும், வலி அதிகம் இருக்காது. தலையை உயர்த்தி வைத்துத் தூங்குவது இதற்காகத்தான். புதிதாக நட்டவை எதிலும் உரசக் கூடாது, பின்மண்டையோ அழுத்தம் தாங்காது. கழுத்தைச் சுற்றிப் போடும் பயணத் தலையணை இங்கே கைகொடுக்கும். அப்புறம் அரிப்பு. வலியைப் பொறுத்துக்கொண்டவர்கள்கூட இதில்தான் தோற்றுப்போகிறார்கள். சொறிந்தால் கிராஃப்ட் பிடுங்கிக்கொண்டு வரலாம். மருத்துவர் சொன்ன உப்பு நீரைத் தெளித்துச் சமாளிக்க வேண்டியதுதான். ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்றவை ரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை என்பதால் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

என்னைக் கேட்டால், வலி ஒன்றே அளவுகோல் என்றால் எஃப்.யூ.இ.தான். சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்களுக்கும், கனம் தூக்கும் வேலை உள்ளவர்களுக்கும் யோசிக்கவே வேண்டாம். கழுத்து எலும்புத் தேய்மானம் இருப்பவர்களோ குப்புறப் படுத்தால் மூச்சுத் திணறுகிறவர்களோ எஃப்.யூ.டி.யைக் கேட்டுப் பார்க்கலாம்; எஃப்.யூ.இ.யையே சாய்ந்த நாற்காலியில், இடைவெளி விட்டுச் செய்ய முடியுமா என்றும் விசாரிக்கலாம். எதைச் செய்துகொண்டாலும் வலி நாளுக்கு நாள் இறங்க வேண்டும். மூன்று, நான்கு நாள் கழிந்த பிறகு ஏறினாலோ, சீழ், காய்ச்சல், தோல் கறுத்துப்போவது என்று எதுவும் கண்டாலோ, அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.