பக்கத்து அறைக் கணினியைப் பிடிப்பது எப்படி: ஆறு வருட அனுபவம்

வீட்டில் நான்கு கணினிகள். என் மேசையில் ஒரு டெஸ்க்டாப், மனைவிக்கும் மகளுக்கும் ஆளுக்கொரு லேப்டாப், அப்புறம் அலமாரிக்குள் ஒரு பழைய கணினி. அந்தப் பழசில் லினக்ஸும், விண்டோஸ் கணினிகளோடு கோப்புகளைப் பகிர உதவும் சாம்பா என்ற மென்பொருளும் போட்டு, படங்கள், ஆவணங்கள் எல்லாவற்றுக்கும் பொதுக் கிடங்காக வைத்திருக்கிறேன். ஆறு வருடமாக இந்த ஏற்பாடு ஓடுகிறது. முதல் இரண்டு வருடம் ஓடியதைவிட நொண்டியதுதான் அதிகம்.

"இன்டர்நெட் நல்லாத்தானே வருதுப்பா, கிடங்கு மட்டும் ஏன் திறக்கல?" மகள் கேட்ட இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் நான் வீணாக்கிய ஞாயிற்றுக்கிழமைகள் பல. பதில் எளிது. இன்டர்நெட் வருகிறது என்றால் அவள் லேப்டாப்பும் ரௌட்டரும் பேசிக்கொள்கின்றன, அவ்வளவுதான். அவள் லேப்டாப்பும் அலமாரிக் கணினியும் பேசுவது தனிக் கதை. அன்று அவள் கெஸ்ட் வைஃபையில் இருந்தாள், அதன் பாஸ்வேர்டு சின்னது என்பதால். விருந்தாளிகளை வீட்டுக் கணினிகளிடமிருந்து தள்ளிவைக்கத்தானே கெஸ்ட் வைஃபை என்று ஒன்றே இருக்கிறது! அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. நான்தான் கிடங்கைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தேன்.

நான் முதலில் கைவிட்ட பழக்கம், எக்ஸ்ப்ளோரரில் 'நெட்வொர்க்' என்பதைத் திறந்து, கணினிப் பெயர் தெரிகிறதா என்று பார்ப்பது. பெயர் அங்கே தெரியாமலே இணைப்பு முழுமையாக வேலை செய்யலாம். அந்தப் பட்டியல் முன்பெல்லாம் எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு நெறிமுறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி-1-ஐ நம்பி இருந்தது. 2017 மே மாதம் வான்னாக்ரை வைரஸ் அதன் ஓட்டை வழியாகத்தான் உலகம் முழுக்கப் பரவியது. அதே ஆண்டு இறுதியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து எஸ்எம்பி-1 ஓரங்கட்டப்பட்டது. இப்போது பெயர்களைக் கண்டுபிடிப்பது வேறொரு சேவையின் பொறுப்பு. கோப்புகளைப் பரிமாறும் எஸ்எம்பிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதனால் இப்போதெல்லாம் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு, நேராகக் கிடங்கின் ஐபியை, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்ணை, 192.168.1.20 என்று அடித்துவிடுகிறேன். திறந்தால் கோளாறு பெயரில். திறக்காவிட்டால்தான் மற்ற ஆராய்ச்சி.

அந்த ஆராய்ச்சிக்கு ஆறு வருடத்தில் எனக்கு அதிகம் கைகொடுத்தது பிங், ஒரு கணினி பதில் தருகிறதா என்று கேட்டுப் பார்க்கும் கட்டளை. 1983-இல் எழுதப்பட்ட குட்டி நிரல், இன்றும் அதைவிட வேகமாக விவரம் சொல்ல ஆளில்லை. ஆனால் அது சொல்வதை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒருநாள் கிடங்கைப் பிங் செய்தபோது நான்கு முறையும் 'ரிப்ளை ஃப்ரம்' என்று வந்தது. கடைசி வரியில் இழப்பு 0 சதவீதம். ஆகா, கணினி உயிரோடு இருக்கிறது என்று முடிவுகட்டி சாம்பா அமைப்புகளை நோண்டத் தொடங்கினேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் அந்த வரியை முழுதாகப் படித்தேன். 'ரிப்ளை ஃப்ரம் 192.168.1.7' என்று இருந்தது. 192.168.1.7 என் டெஸ்க்டாப்! பின்னாலேயே 'டெஸ்டினேஷன் ஹோஸ்ட் அன்ரீச்சபிள்'. அதாவது, "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்று என் கணினியே எனக்குப் பதில் சொல்லியிருக்கிறது. அதையும் விண்டோஸ் பதில் கணக்கில் சேர்த்துவிடுகிறது. அலமாரிக்குள் எட்டிப் பார்த்தால், பவர் கேபிள் நழுவிக் கிடந்தது.

'ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்', அதாவது காத்திருந்தும் பதில் இல்லை என்று வந்தால் விஷயம் வேறு. உடனே, எந்த ஐபி எந்தக் கருவியுடையது என்று என் கணினி குறித்துவைக்கும் ஏஆர்பி பட்டியலை எடுத்துப் பார்ப்பேன். அந்த ஐபிக்கு எதிரே மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) இருந்தால், எதிர்க் கணினி இருக்கிறது, ஆனால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும், வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால்தான். புது ரௌட்டர் வாங்கி வைஃபை பெயரையும் மாற்றிய வாரத்தில் இதுதான் நடந்தது. புதுப் பெயரைப் பார்த்ததும் விண்டோஸ் அதைப் 'பப்ளிக்' நெட்வொர்க் என்று எடுத்துக்கொண்டது. அந்த நிலையில் கோப்புப் பகிர்வையும் பிங்கையும் ஃபயர்வால் உள்ளே விடாது. 'பிரைவேட்' என்று மாற்றியதும் சரியானது. ஃபயர்வாலையே அணைத்துவிடு என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. சோதிக்க ஒரு நிமிடம் அணைக்கலாம், தப்பில்லை. அணைத்ததை மறந்துபோவதுதான் ஆபத்து. நான் மூன்று வாரம் மறந்திருக்கிறேன்.

ஆனால் என்னை நிஜமாகவே குழப்பியது இரண்டாவது ரௌட்டர். பின்னறையில் சிக்னல் எட்டவில்லை என்று, சும்மா கிடந்த ஒன்றை எடுத்து, முதல் ரௌட்டரிலிருந்து கேபிள் இழுத்து, அதன் வேன் துளையில் (இன்டர்நெட் கேபிளுக்கான துளை) செருகினேன். வைஃபை அருமையாக வந்தது. ஆனால் பின்னறையில் இருக்கும் மனைவியின் லேப்டாப்பிலிருந்து கிடங்கு திறக்கும். என் டெஸ்க்டாப்பிலிருந்து அவர் லேப்டாப்பைத் தொடவே முடியாது. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு மாதிரி. இரண்டு கணினியின் ஐபியையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் பொறிதட்டியது. என்னுடையது 192.168.1-இல் தொடங்கியது, அவருடையது 192.168.0-இல். இரண்டாவது ரௌட்டர் தனியாக ஒரு நெட்வொர்க்கை உருவாக்கி, அதன் வாசலில் காவலுக்கு உட்கார்ந்துவிட்டது. உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. அமைப்புகளில் அதை, தனி நெட்வொர்க் உருவாக்காமல் சிக்னலை மட்டும் தரும் 'ஆக்சஸ் பாயின்ட்' நிலைக்கு மாற்றியதும் எல்லாக் கணினிகளும் ஒரே வரிசைக்கு வந்தன. அதிலிருந்து, எதையும் தொடுவதற்கு முன் இரண்டு பக்க ஐபியையும் எழுதிக்கொள்கிறேன். 169.254 என்று தொடங்கினால் ரௌட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

இணைப்பு இருந்தும் வேகம் இல்லாத கதை ஒன்று. நொடிக்கு 110 மெகாபைட் வரை போய்க்கொண்டிருந்த நகல் ஒருநாள் திடீரென 11-இல் நின்றது. கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்கு என்றால் வேறு எங்கும் தேட வேண்டாம், கேபிளைத்தான் பார்க்க வேண்டும். கிகாபிட் வேகத்துக்குக் கேபிளுக்குள் இருக்கும் எட்டுக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். அலமாரிக் கதவு தினமும் இடித்து இடித்து, முனைக்குப் பக்கத்தில் ஒரு கம்பி அறுந்திருந்தது. வெளியே பார்த்தால் லேசான மடிப்பு மட்டும்தான்.

மற்றவை சில்லறை. விண்டோஸ் கணினியின் பகிர்வைத் திறக்கும்போது, கணினிக்குள் நுழைய அடிக்கும் பின் (PIN) எண் செல்லாது, கணக்கின் பாஸ்வேர்டுதான் வேண்டும். பாஸ்வேர்டை மாற்றினால், விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமித்துவைக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையது ஒட்டிக்கொண்டிருக்கும், நீக்கிவிடுங்கள். அலுவலக விபிஎன் ஓடும்போது வீட்டுக் கணினிகள் காணாமல் போனால், முதலில் விபிஎன்னைத் துண்டித்துப் பாருங்கள்.

ரௌட்டரில், கணினிகளுக்கு முகவரி பங்கிடும் டிஹெச்சிபியில் ரிசர்வேஷன் போட்டு, கிடங்குக்கும் பிரிண்டருக்கும் நிலையான முகவரி கொடுத்து நான்கு வருடமாகிறது. பத்து நிமிட வேலை. "நேத்து வந்துச்சு, இன்னைக்கு வரல" வகைப் புகார் அதோடு ஏறக்குறைய நின்றுபோனது. முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

தீராதது ஒன்று இருக்கிறது. எங்கள் பழைய ஸ்கேனருக்கு எஸ்எம்பி-1 மட்டும்தான் தெரியும். அதற்காகக் கிடங்கில் அதைத் திரும்பத் திறந்துவிட எனக்கு மனமில்லை. ஸ்கேன் செய்த தாள்கள் இன்னும் பென்டிரைவில்தான் அறை விட்டு அறை போகின்றன.