கோணல் சுவருக்கு மர ஸ்கர்ட்டிங்கா, டைல்ஸா?

சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய பழைய சுவர் நூலுக்கு நிற்பது அபூர்வம். எங்கள் கூடத்துச் சுவரில் நூல் பிடித்தால் நடுவே விரல் தடிமனுக்குப் புடைப்பு, மூலைப் பக்கம் அதே அளவுக்குக் குழி. தரையில் ஆத்தங்குடிக் கல் பதித்தாகிவிட்டது. சுவரடியை மூடும் பட்டையை, அதாவது ஸ்கர்ட்டிங்கை, எதைக் கொண்டு செய்வது? நான் தேக்குப் பலகைக்குப் போனவன். அந்தச் சாய்வோடுதான் எழுதுகிறேன்.

டைல்ஸின் நன்மைகள் எல்லோருக்கும் தெரிந்தவை: மலிவு, தண்ணீருக்கும் கரையானுக்கும் அஞ்ச வேண்டாம், எந்த ஊரிலும் ஆள் கிடைக்கும். நேரான சுவரென்றால் மறுபேச்சே இல்லை. கோணல் சுவரில்தான் குட்டு வெளிப்படும். டைல்ஸ் வளையாது. சுவரின் போக்கிலேயே ஒட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒவ்வொரு பக்கம் பார்க்கும், இணைப்புகள் பல்லாகத் துருத்தும். நூல் பிடித்து ஒட்டினால் குழியான இடத்தில் கலவையைத் திணிக்க வேண்டும். மேல் விளிம்பு ஓரிடத்தில் சுவரோடு ஒட்டியும் இன்னோரிடத்தில் திண்ணைபோல நீண்டும் நிற்கும். அந்தத் திண்ணையில் தூசி படியும்.

பி.வி.சி. பட்டை ஓரளவு வளையும், நீருக்கும் அசையாது. ஆனால் ஆத்தங்குடிக் கல்லின் பக்கத்தில் அதைப் பார்க்கக் கண் கூசுகிறது. சிவப்பு ஆக்ஸைடு பூச்சுக்கு என் மனத்தில் தனி இடம் உண்டு. கரணையால் இழுப்பதால் சுவர் எப்படிப் போனாலும் கூடவே போகும். அதை மழமழவென்று தேய்த்துக் கொடுக்கும் கொத்தனார் உங்கள் ஊரில் இருந்தால், மேற்கொண்டு படிக்காமல் அவரைப் பார்க்கப் போகலாம்.

மரத்தில் கோணலைச் சமாளிக்க வழி இருக்கிறது. கனத்த பலகை வேண்டாம். அரை அங்குலப் பலகை போதும். மெல்லிய வளைவானால் திருகை முறுக்கும்போதே சுவரோடு படிந்துவிடும். குழி ஆழமான இடத்தில் பின்னால் மரச் சக்கை வைத்துத் திருக வேண்டும். புடைப்பை மரத்தில் சரிசெய்வதைவிடச் சுவரிலேயே உளியால் லேசாகச் சுரண்டிவிடலாம். சுண்ணாம்புப் பூச்சு இடம் கொடுக்கும். மீதமிருக்கும் இடைவெளியை மேல் விளிம்பில் ஓடும் பீடிங் என்ற மெல்லிய மரப்பட்டை மறைத்துவிடும். அங்கெல்லாம் பலகை நேராகப் போகும், பீடிங் மட்டும் சுவரைத் தழுவி நெளியும். மூலை எதுவும் மூலைமட்டத்துக்கு அடங்காது என்பதால், உள்மூலையில் இரண்டு பலகையையும் சாய்வாக வெட்டிச் சேர்க்கக் கூடாது. ஒன்றைச் சுவர் வரை ஓடவிட்டு, மற்றதன் முனையை முதல் பலகையின் வடிவத்துக்கு அறுத்துப் பொருத்தினால் இடைவெளி தெரியாது. திருகு பிடிக்கச் சுவரில் அடிக்கும் பிளக்கைச் செங்கல்லில் இறக்க வேண்டும். சாந்தில் இறக்கினால் திருகு பிடிக்காது, தூள்தான் கொட்டும்.

இவ்வளவு வேலையும் கூலியும் எதற்கு? கழற்றி மாட்டலாம் என்ற ஒரே காரணத்துக்காக. பழைய வீட்டின் சுவரடி ஒருநாளும் சும்மா இருப்பதில்லை. ஒயர் இழுக்க வேண்டும், கரையான் மருந்து அடிக்க வேண்டும், உப்புப் பூத்த பூச்சைக் கொத்திப் பூச வேண்டும். சிமென்டில் ஒட்டிய டைல்ஸைப் பெயர்த்தால் சுண்ணாம்புப் பூச்சும் பாளமாகக் கூடவே வரும். உடைந்த துண்டுக்கு அதே நிறத்தில் இன்னொன்று பின்னாளில் கிடைப்பதும் சந்தேகம். பலகையென்றால் திருகுகளைக் கழற்றிச் சாய்த்து வைத்துவிட்டு வேலை முடிந்ததும் அதே துளையில் மாட்டிவிடலாம். இதற்காகவே ஆசாரியிடம் பசை கூடாது, ஆணி கூடாது, துருப்பிடிக்காத திருகு மட்டும்தான் என்று சொல்லிவிட்டேன். திருகுத் தலைகள் வெளியே தெரிகின்றன. தெரியட்டும்.

ஓதம் ஏறும் சுவருக்கு இது பொருந்தாது. மரம் அடைபட்டு உளுத்துப் போகும். அங்கே சிமென்டும் டைல்ஸும் கீழே ஈரம் வெளியேறும் வழியை அடைப்பதால் அது இன்னும் மேலே ஏறிப் பூச்சை உதிர்க்கும்; முதலில் ஓதத்துக்கு வழி பார்க்க வேண்டும். எங்கள் சுவர் காய்ந்த சுவர். அப்படியும் பலகையின் பின்புறம், அடிவிளிம்பு, வெட்டிய முனைகள் எல்லாவற்றுக்கும் மாட்டுவதற்கு முன்பே வார்னிஷ் அடித்து, தரையிலிருந்து நூலளவு தூக்கித்தான் மாட்டினோம். வாளித் தண்ணீரை ஊற்றிக் கழுவும் வழக்கமுள்ள வீட்டில் இது எத்தனை வருடம் தாங்கும் என்று என்னால் சொல்ல முடியாது. நாங்கள் துடைப்பதோடு சரி.

செலவில் டைல்ஸோடு போட்டி போட முடியாது. பிரித்த வீட்டு நிலைக்கட்டையை அறுத்துப் பலகையாக்கினால் கொஞ்சம் குறையும். காரைக்குடிப் பழைய மரக் கடைகளில் தேடினால் பர்மா தேக்கே கிடைக்கும். அறுப்பதற்கு முன் உள்ளே ஆணி புதைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ரம்பத்தின் பல் போய்விடும்.