கட்சி உறுப்பினர் அட்டை: கொடுக்கிற சந்தாவுக்குத் தேறுமா?

கட்சியில் சேருவது இன்றைக்குப் போன் ரீசார்ஜ் செய்வதைவிடச் சுலபம். 2014 கடைசியில் பாஜக, மிஸ்டு கால் கொடுத்தாலே உறுப்பினர் என்று ஆரம்பித்து, சில மாதங்களில் 10 கோடியைத் தாண்டிவிட்டோம் என்று அறிவித்தது. சரி, அந்த மிஸ்டு காலுக்கு என்ன கிடைக்கும்? அடிப்படை உறுப்பினர் என்ற பெயர். கட்சிப் பொறுப்புக்குப் போட்டியிட நினைத்தால் அதற்கு மேலே தீவிர உறுப்பினர் என்று இன்னொரு படி இருக்கிறது, அதற்குத் தனி நிபந்தனைகள்.

அதனால் எந்த நாட்டுக் கட்சி அட்டையானாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இதை வைத்துக்கொண்டு எதற்கெல்லாம் ஓட்டுப் போடலாம்?

இந்தக் கணக்கில் என் முதலிடம் ஜெர்மனியின் சமூக ஜனநாயகக் கட்சிக்கு. சந்தா வருமானத்துக்கு ஏற்ப ஏறும், நல்ல சம்பளக்காரருக்குக் கொஞ்சம் வலிக்கும். ஆனால் 2018-ல் அப்போது நாட்டின் தலைமையில் இருந்த மெர்க்கலுடன் மறுபடி கூட்டணி ஆட்சியில் சேரலாமா என்று 4 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடம் தபாலில் கேட்டார்கள். ஓட்டுப் போட்டவர்களில் சுமார் 66 சதவீதம் பேர் சேரலாம் என்ற பிறகுதான் அரசு அமைந்தது. எனக்குப் பிடித்தது அந்த முடிவுகூட இல்லை, அதை எதிர்த்த விதம். யூசோஸ் என்பது அந்தக் கட்சியின் இளைஞர் அணி, 35 வயது வரையுள்ள கட்சி உறுப்பினர்கள் தானாகவே அதில் வந்துவிடுவார்கள். அதன் தலைவர் கெவின் கியூனர்ட் ஊர் ஊராகப் போய், கட்சித் தலைமைக்கு எதிராக, வேண்டாம் என்று ஓட்டுப் போடுங்கள் என்று பிரசாரம் செய்தார். நம் பக்கம் இதைச் செய்தால் மறுநாள் காலையே அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட எல்லாவற்றிலிருந்தும் நீக்கி அறிக்கை வந்திருக்கும். கியூனர்ட் 2021-ல் அதே கட்சிக்குப் பொதுச் செயலாளர் ஆனார்.

சார்பு அணிகளைப் பற்றி என் புகாரும் இதுதான். மகளிர் அணி, மாணவர் அணி, வழக்கறிஞர் அணி, தகவல் தொழில்நுட்ப அணி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும், ஒவ்வொன்றுக்கும் மாநில, மாவட்ட, ஒன்றியப் பொறுப்பாளர்கள், துணைகள், இணைகள். யார் போட்ட பதவி என்று பார்த்தால் பெரும்பாலும் மேலே இருந்து வந்த நியமனம். தன் நிர்வாகிகளைத் தானே தேர்ந்தெடுக்க முடியாத, தனக்கென்று வரவு செலவுக் கணக்கு இல்லாத, தலைமைக்குப் பிடிக்காத தீர்மானம் ஒன்றுகூடப் போட முடியாத அணியில் சேர்ந்தால் கிடைப்பது ஒரு விசிட்டிங் கார்டும் மாநாட்டுக்கு ஆள் திரட்டும் வேலையும்தான்.

தொழிற்சங்கம் வழியாகச் சேர்வது வேறு மாதிரி. பிரிட்டனின் தொழிற்கட்சி 1900-ல் தொடங்கியதே சங்கங்களையும் சோஷலிச அமைப்புகளையும் சேர்த்துத்தான். தனிநபர் நேரடியாக உறுப்பினராக வழி செய்தது 1918-ல் வந்த விதிகள். முன்பெல்லாம் மாநாட்டில் ஒரு சங்கத் தலைவர் தன் லட்சக்கணக்கான உறுப்பினர்களின் ஓட்டை மொத்தமாகப் போடுவார், அந்த உறுப்பினர் என்ன நினைத்தார் என்பது யாருக்குத் தெரியும்? ஸ்வீடனிலும் சங்கக் கிளைகள் தங்கள் ஆட்களை மொத்தமாகக் கட்சியில் சேர்த்துவிடும், வேண்டாம் என்பவர்தான் சொல்லி விலக வேண்டும். 1990 வாக்கில் அதை நிறுத்தினார்கள், நல்ல வேளை.

கம்யூனிஸ்ட் கட்சிகள் இதற்கு நேர் தலைகீழ். மார்க்சிஸ்ட் கட்சியில் முதலில் பரீட்சார்த்த உறுப்பினராக ஓராண்டு இருக்க வேண்டும், ஆனால் அதைச் சுற்றியுள்ள மாணவர், வாலிபர், மாதர் அமைப்புகளிலும் சிஐடியு தொழிற்சங்கத்திலும் கட்சி அட்டை இல்லாமலே சேரலாம். சீனாவில் இரண்டு பேர் சிபாரிசு, ஓராண்டு சோதனைக் காலம், அப்படியும் சுமார் 10 கோடிப் பேர். ஓட்டு விஷயத்தில் அதற்கு நான் எவ்வளவு மார்க் போடுவேன் என்று சொல்ல வேண்டியதில்லை.

நெதர்லாந்தில் தீவிர வலதுசாரித் தலைவர் கீர்ட் வில்டர்ஸின் கட்சி இந்தத் தலைவலியே வேண்டாம் என்று விட்டுவிட்டது. அங்கே அவர் ஒருவர்தான் உறுப்பினர். உறுப்பினர் இல்லாததால் அரசு மானியம் கிடையாது, உட்கட்சித் தேர்தலும் கிடையாது, 2023 தேர்தலில் 150-ல் 37 இடம் பிடித்து முதலில் வந்தது. கடுப்பாகத்தான் இருக்கிறது.

உறுப்பினருக்கு ஓட்டுரிமை கொடுத்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா என்று கேட்டால், அதுவும் இல்லை. 2022-ல் பிரிட்டன் கன்சர்வேட்டிவ் கட்சியின் சுமார் 1.7 லட்சம் உறுப்பினர்களுக்குத்தான் அடுத்த பிரதமர் யார் என்று முடிவு செய்யும் உரிமை கிடைத்தது. லிஸ் டிரஸ்ஸைத் தேர்ந்தெடுத்தார்கள், 50 நாள்கூட நிற்கவில்லை. அடுத்து ரிஷி சுனக் வந்தபோது உறுப்பினர் ஓட்டுக்கே வேலை வரவில்லை, எம்பிக்களோடு முடிந்துவிட்டது.

இந்தியாவில் சேருபவர்களுக்கு ஒன்று. ஜெர்மனியில் கட்சிக்குள் ஜனநாயகம் இருக்க வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது, 1967-லிருந்து தனிச் சட்டமும் இருக்கிறது. இங்கே தேர்தல் ஆணையம் பதிவு செய்யும், ஆனால் பதிவின்போது கொடுத்த உறுதிமொழியைக் கட்சி மீறினால் அதற்காகப் பதிவை ரத்து செய்ய முடியாது என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உட்கட்சித் தேர்தல் நடந்ததாகக் காகிதத்தில் இருந்தால் போதும்.

அப்புறம், எங்கே சேர்ந்தாலும் விதிகளில் கட்-ஆஃப் தேதி என்ன என்று பாருங்கள். தொழிற்கட்சி 2015-ல் 3 பவுண்டு கட்டினால் தலைவர் தேர்தலில் ஓட்டு என்றது, லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அப்படிப் பதிந்தார்கள், ஜெரமி கோர்பின் ஜெயித்தார். அடுத்த ஆண்டே மறுபடி தலைவர் தேர்தல் வந்தபோது கட்டணம் 25 பவுண்டு, பதிய இரண்டே நாள் அவகாசம். முழு உறுப்பினராகவே சந்தா கட்டியிருந்தாலும் ஜனவரி 12-க்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு ஓட்டு இல்லை என்றார்கள். சிலர் கோர்ட்டுக்குப் போய் முதலில் ஜெயித்தார்கள், சில நாட்களிலேயே மேல்முறையீட்டில் தோற்றார்கள்.