கறள் பிடித்த சைலன்சர்: பெயின்டா, குரோமா, புதுக் குழாயா?

கல்லடிப் பக்கம் கடற்காற்று, படுவான்கரைக்குப் போனால் வயற்சேறு. மட்டக்களப்பில் ஓடும் பழைய டிரெயில் பைக்கின் (காட்டுப் பாதையிலும் ஓடும் பைக்) புகைக் குழாய்க்கு இரண்டும் எதிரிதான். ஆனால் எந்த வைத்தியம் சரி என்பதை எஞ்சின்தான் முடிவு செய்கிறது. யமஹா டிடி 125 போன்ற டூ ஸ்ட்ரோக்கில் பெற்றோலோடு ஓயிலும் எரிவதால் குழாயின் உள்சுவரில் எண்ணெய்க்கரி படிந்து ஓரளவு காக்கும். கறள் பெரும்பாலும் வெளியிலிருந்து வரும். ஹொண்டா எக்ஸ்எல் 125 ஃபோர் ஸ்ட்ரோக், அதற்கு இந்தக் கரிக் காப்பு இல்லை. அதைச் சந்தைவரை மட்டும் ஓட்டி நிறுத்தினால், பெற்றோல் எரிந்து வரும் நீராவி சூடேறாத சைலன்சருக்குள் தண்ணீராகத் தங்கி, உள்ளேயிருந்து தின்னும்.

ஆகவே முதலில் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் குழாய் நெடுகத் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் தகடு நல்லது. சத்தம் செத்துப்போன இடத்தில் பெயின்ட் அடிப்பது வீண்செலவு.

தகடு நல்லதென்றால் என் தெரிவு பெயின்ட்தான். மலிவு, வீட்டிலேயே செய்யலாம். வயர் பிரஷால் தேய்த்து, வினாகிரியில் ஓர் இரவு ஊறவைத்து, அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி உடனே காயவைக்க வேண்டும். ஈரத்தோடு விட்டால் அன்றைக்கே மறுபடி கறள் பூக்கும். 600 பாகை செல்சியஸ் வரை தாங்கும் பெயின்டை மெல்லிய பூச்சாக அடியுங்கள். கீழே சாதாரண பிரைமர் வேண்டாம், அது கருகி எல்லாவற்றையும் உரித்துவிடும். அப்புறம் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, ஆறவிட்டு, அடுத்த முறை இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஓடவிட வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். சூட்டில் பதமாகாத பூச்சு நகம் பட்டாலே உரிந்து வரும்.

குரோம் முலாம் அழகு, மறுக்கவில்லை. ஆனால் கறள் தின்ற குழிகளை அது மறைக்காது. குழிகளைத் தேய்த்துச் சமமாக்கினால் ஏற்கெனவே மெலிந்த தகடு இன்னும் மெலியும். எஞ்சினுக்குக் கிட்ட நீலம் பாயவும் செய்யும். கண்காட்சிக்கு வைக்கிற பைக்கென்றால் சரி.

புதுக் குழாய், அதுவும் ஸ்டெயின்லெஸ் கிடைத்தால், உள்ளே உக்கிய ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு யோசிக்கவே தேவையில்லை. டூ ஸ்ட்ரோக் கதை வேறு. அதன் வயிறு பெருத்த குழாய், எரியாமல் வெளியே தப்பும் பெற்றோல், காற்றுக் கலவையை அழுத்த அலையால் திரும்பச் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. கராஜில் கண் அளவாக வளைத்த குழாயைப் போட்டால் பைக் இழுக்காது. பழையதையே வைத்து, உக்கிய துண்டை மட்டும் வெட்டி அதே தடிப்புத் தகட்டால் வெல்டிங் செய்வதுதான் புத்தி. தண்ணீர்க் குழாய்த் துண்டை ஒட்ட விடாதீர்கள். அதன் சிங்க் பூச்சு 420 பாகையில் உருகும், வெல்டிங்கில் எழும் புகை காய்ச்சலும் தரும்.

சைலன்சரின் அடியில் கம்பனியே விட்ட சிறு துளை இருந்தால், ஓட்டை என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். தண்ணீர் வடிவது அதனால்தான்.