ஹெட் மாற்றியதாகச் சொல்லி, என் பழைய ஹெட்டையே கழுவி மாட்டிக் கொடுத்தார்கள்

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் பொறுமையாகப் படியுங்கள். சிலிண்டர் ஹெட் (இன்ஜின் சிலிண்டர்களுக்கு மேலே மூடிபோல் உட்காரும் பகுதி) மாற்றியாச்சு என்று முழுப் பணமும் வாங்கிக்கொண்டு, கழற்றிய அதே ஹெட்டுக்கு சில்வர் ஸ்ப்ரே அடித்து என் வண்டியிலேயே திரும்ப மாட்டியிருக்கிறார்கள். வேறு யாரும் இப்படி மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

என்னுடையது நாலு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், அலுமினிய ஹெட். மேடு ஏறினால் டெம்பரேச்சர் முள் மேலே போகும், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) தானாகக் குறையும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை வரும். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உண்டாகும் அழுத்தம்) பார்த்தபோது 2, 3 சிலிண்டர்களில் மட்டும் குறைவு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களில் சேர்ந்து குறைந்தால், பெரும்பாலும் அவற்றுக்கு இடையே ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போயிருக்கும். அதனால் ஹெட்டை இறக்க வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பில் சொன்னது நியாயம்தான். இறக்கிய பிறகுதான் கதை மாறியது.

"சார், ஹெட்டு வளைஞ்சிருக்கு, வால்வு சீட்டுக்கு நடுவுல கிராக்கும் இருக்கு. இதுல செலவு பண்றது வீண். ரீகண்டிஷன் பண்ணின ஹெட் ஒண்ணு கைவசம் இருக்கு, போட்டுடலாம்" என்றார் மெக்கானிக். வால்வு மூடும்போது உட்காரும் வளையம்தான் வால்வு சீட். எவ்வளவு வளைந்திருக்கிறது என்று கேட்டேன். "பார்த்தாலே தெரியுது சார்" என்றார்.

பார்த்தால் தெரியவே தெரியாது. ஹெட்டின் அடிமுகத்தில் நேர்ச்சட்டத்தை நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை என்று வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் (தடிமன் குறித்த மெல்லிய தகடு) நுழைத்து அளக்க வேண்டும். இதுபோன்ற பல இன்ஜின்களில் அனுமதிக்கும் வளைவு 0.05 மில்லிமீட்டர்தான், கிட்டத்தட்ட ஒரு தலைமுடி அளவு. சரியான எண் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். எண் சொல்லாமல் "வளைஞ்சிருக்கு" என்று ஒருவர் சொன்னால், அவர் அளக்கவில்லை என்று அர்த்தம்.

வேலை முடிந்து வண்டியை எடுக்கும்போது பழைய ஹெட்டைக் கேட்டேன். அது எக்ஸ்சேஞ்சில் போய்விட்டது என்றார்கள். பில்லில் "ஹெட் மாற்றியது" என்று ஒரே ஒரு வரி. கொஞ்ச நாளிலேயே கூலன்ட் மறுபடி குறைய ஆரம்பித்தது. காலை நீலப்புகையும் அப்படியே இருந்தது. போய்க் கேட்டால் "புது ஹெட்டு, செட் ஆகுற வரைக்கும் அப்படித்தான் இருக்கும் சார்" என்றார்கள். இதை நம்பாதீர்கள். வால்வு தண்டு ஏறி இறங்கும் குழல்தான் வால்வு கைடு, அதன் வழியாக ஆயில் இறங்காமல் தடுப்பது ஆயில் சீல். இரண்டையும் புதிதாகப் போட்டிருந்தால் அந்த வழியாக ஆயில் இறங்கிப் புகை வரவே கூடாது. ஸ்டார்ட் செய்யும்போதும், இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு மறுபடி மிதிக்கும்போதும் நீலமாக வந்தால், கைடு அல்லது சீல் மேல்தான் முதல் சந்தேகம்.

ஹெட் வேலை மட்டுமே செய்யும் ஒரு லேத் பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனேன். ஹெட்டை இறக்கி, கூலன்ட் வழிகளைத் தகடு வைத்து அடைத்து, உள்ளே காற்றழுத்தம் ஏற்றி வெந்நீர்த் தொட்டியில் முக்கினார்கள். மூன்றாம் சிலிண்டரின் இரண்டு வால்வு சீட்டுகளுக்கு நடுவிலிருந்து வரிசையாகக் குமிழி. கிராக் மேலேயே வெல்டிங் வைத்துத் தேய்த்துவிட்டிருந்தார்கள். முறையாகச் செய்தால் அலுமினிய ஹெட்டில் வெல்டிங் தாங்கும். ஆனால் சீட்டைக் கழற்றி, ஹெட்டைச் சூடாக்கி, கிராக்கை அடிவரை தோண்டி நிரப்ப வேண்டும். இங்கே அதில் எதுவும் நடக்கவில்லை.

பட்டறைக்காரர் நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். சில்வர் பெயிண்ட் செதில் செதிலாக வந்தது, அடியில் பழுப்பேறிய பழைய ஆயில் கறை. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. முன்பு டாப்பெட் (வால்வு இடைவெளி) அட்ஜஸ்ட் செய்தபோது எடுத்த போட்டோவைத் தேடி எடுத்தேன். தெர்மோஸ்டாட் பக்கம் ஒரு காது முனை உடைந்திருக்கும், அதன் கீழே யாரோ பஞ்ச் அடித்த மூன்று புள்ளிகள். எதிரே மேஜையில் இருந்த ஹெட்டிலும் அதே உடைசல், அதே புள்ளிகள். வார்ப்பு எண்ணை (ஹெட்டை வார்க்கும்போதே பதிந்து வரும் எண்) மட்டும் பார்த்திருந்தால் இதைப் பிடித்திருக்க முடியாது. ஒரே மாடல் ஹெட்டுகளில் அது ஒன்றாகவே இருக்கும்.

இன்னும் மோசம், ஹெட்டின் உயரம் மேனுவலில் உள்ள குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போயிருந்தது. வளைவை எடுக்கக் கணக்கில்லாமல் ஃபேஸிங் (அடிமுகத்தைச் சீவிச் சமமாக்குவது) அடித்திருக்கிறார்கள். இப்படி ஹெட்டின் உயரம் குறைந்தால் கம்ப்ரஷன் ஏறி நாக்கிங் (இன்ஜினில் தட்டும் சத்தம்) வரலாம், வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி குறையும், மேலே கேம் ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) உள்ள இன்ஜினில் வால்வு திறந்து மூடும் டைமிங்கும் சற்று நகரும். சில டீசல் ஹெட்டுகளில் ஃபேஸிங்கே கூடாது என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். என் வண்டியில் போல்ட்டுகளும் பழையவை. கோணம் வைத்து இறுக்கும் வகை அவை. ஒருமுறை இறுக்கினாலே நீண்டுவிடும், கழற்றினால் புதிது போட வேண்டும் என்று மேனுவலிலேயே இருக்கிறது.

போட்டோவோடு போய்க் கேட்டதற்கு, கேஸ்கெட் காசைத் திருப்பித் தருகிறேன் என்றார்கள். நான் வாங்கவில்லை. பட்டறைக்காரர் எழுதிக் கொடுத்த அளவுகளை இணைத்து எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் வண்டியின் ஹெட் இப்போது எங்காவது கழற்றிக் கிடக்கிறதென்றால் இன்றே போய்ப் பாருங்கள். நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், ஓரத்தில் உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு குறி போடுங்கள். வளைவு எவ்வளவு, உயரம் எவ்வளவு, பிரஷர் டெஸ்ட்டில் என்ன வந்தது என்று எண்ணாக எழுதி வாங்குங்கள். பழைய ஹெட்டை உங்களிடம் காட்டாமல் எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுங்கள். மாற்று ஹெட் தருவதாகச் சொன்னால், மாட்டுவதற்கு முன் வால்வுகளைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கைடில் வால்வு தண்டு ஆடுகிறதா என்று கையாலேயே அசைத்துப் பார்க்கலாம். அப்புறம், ஹெட் ஏன் சூடேறியது என்பதையும் கேளுங்கள். எனக்கு ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தது. முதல் ஒர்க்‌ஷாப்பில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.