டரான்டுலா பெட்டி: ஹீட் மேட்டா, அறைச் சூடா, கேபிள் அலமாரியா?

டரான்டுலா என்னும் பெரிய, முடி நிறைந்த சிலந்தியை வளர்க்கும் பெட்டியின் சுவரில் நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றால், தண்ணீர் அதிகம் ஊற்றிவிட்டோம் என்றுதான் முதலில் தோன்றும். அது பாதி உண்மைதான். 25 டிகிரி செல்சியஸில் 80 சதவீத ஈரப்பதமுள்ள காற்று, ஏறக்குறைய 21 டிகிரியில் இருக்கும் சுவரில் பட்டாலே நீராகிவிடும். உள்ளே சூடு, வெளியே குளிர் என்றால் கண்ணாடி வேர்க்கத்தான் செய்யும். ஆகவே சூட்டை எங்கிருந்து கொடுக்கிறோம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பெட்டிக்கு அடியில் வைக்கும் ஹீட் மேட்டை, அதாவது மின்சாரத்தில் சூடாகும் விரிப்பை, நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். மண் அடியிலிருந்து காய்கிறது. அந்த ஈரம் ஆவியாகி மேலே போய்க் குளிர்ந்த சுவரில் படிகிறது. அதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. வெயில் ஏறினால் மண்ணுக்குள் இறங்கித் தப்பிப்பது குழி தோண்டும் சிலந்தியின் இயல்பு. இங்கே இறங்க இறங்கச் சூடு கூடுகிறது. பாவம், தப்பிக்கப் போகும் இடமே ஆபத்தான இடமாகிவிடுகிறது. பக்கச் சுவரில், மண் மட்டத்துக்கு மேலே, வெப்பத்தைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டுடன் ஒட்டினால் பரவாயில்லை. ஆனாலும் எதிர்ச் சுவர் குளிர்ந்தே இருக்கும், அங்கே நீர் படியும்.

சூடு தரும் விளக்குகள் வேண்டாம். வெளிச்சத்தை விரும்பாத இரவுப் பிராணி இது. ஒளி தராத செராமிக் வகையும் மண்ணை மேலிருந்து காய வைத்துவிடும்.

அறையையே சூடாக்குவது எல்லாவற்றிலும் நல்லது. சுவரின் இரு பக்கமும் ஒரே வெப்பம் என்பதால் நீர் படிவது வெகுவாகக் குறையும். ஒரே ஒரு பெட்டிக்காக அறை முழுவதையும் சூடேற்றுவது வீண் செலவுதான். பல பெட்டிகள் இருந்தால், வெப்பக் கேபிள் ஓடும் அலமாரி நல்ல நடுவழி. கேபிள் பெட்டியைத் தொடக்கூடாது. கதவில் கொஞ்சம் இடைவெளியும் இருக்கட்டும்.

சரி, சூடு அவசியம்தானா? வழக்கமாக வளர்க்கப்படும் பெரும்பாலான இனங்களுக்கு 20 முதல் 27 டிகிரி போதும். வெப்பம் இந்த அளவின் கீழ்ப்பகுதியில் இருந்தால் பசியும் வளர்ச்சியும் மந்தமாகும், அது நோயல்ல.

அப்புறம் காற்றோட்டம். ஈரம் போய்விடும் என்று பயந்து துளைகளை அடைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தேங்கிய ஈரக் காற்றில் பூஞ்சை வரும், உண்ணி போன்ற சிறு பூச்சிகள் பெருகும். மரத்தில் வாழும் காரிபெனா வெர்சிகலர் போன்ற டரான்டுலா இனங்கள் இப்படிப்பட்ட காற்றைத் தாங்குவதில்லை. மூடியில் மட்டும் வலை இருந்தால் மேல்மண் சீக்கிரம் காய்கிறது, அடியில் காற்று அசைவதில்லை. கால் நகம் வலையில் சிக்கும் அபாயமும் உண்டு. ஒரு பக்கம் தாழ்வாகவும் எதிர்ப்பக்கம் உயரமாகவும் துளையிட்டால் காற்று பெட்டிக்குள் குறுக்கே ஓடும். துளை, சிலந்தியின் தலைமார்பைவிடச் சிறியதாக இருக்க வேண்டும். ஈரம் கேட்கும் தெரபோசா என்னும் டரான்டுலா வகைக்கும் இதுவே சரி: அடிமண் ஈரமாக, மேலே காற்று தாராளமாக.

கண்ணாடியைவிட அக்ரிலிக் வெப்பத்தைக் குறைவாகக் கடத்துவதால் அதில் நீர் சற்றுக் குறைவாகப் படியும். ஆனால் உள்பக்கம் தொடர்ந்து ஈரமாக இருந்தால் தகடு வளையக்கூடும்.

காலையில் படிந்த நீர் மதியத்துக்குள் மறைந்தால் எதையும் மாற்ற வேண்டாம். மாலைவரை நின்றால் தண்ணீரைக் குறைக்கும் முன் இன்னும் சில துளைகள் போட்டுப் பாருங்கள்.